கட்சிக்கொடி ஏறும் இடத்தில் இறைநம்பிக்கைக்கு என்ன நேர்கிறது? இராமநாதபுரக் கடற்கரையை முன்வைத்து

சேதுக்கரை ஆசிரியர் எழுதியது:

சமயத்தைக் கட்சி அரசியலுக்குள் இழுப்பதால் அரசியல் கெடுகிறது என்று எழுதியவர்கள் நிறையப் பேர். அதனால் சமயநம்பிக்கைக்கு என்ன நேர்கிறது என்று எழுதியவர்கள் குறைவு. நான் ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் சேதுக்கரையில் தீர்த்தமாடி, முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைப்பதைக் கடமையாகக் கொண்டவன். நம்பிக்கையுள்ள ஒருவனாகவே இக்கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு கட்சி என் தெய்வத்தைத் தனக்குரியது என்று கொண்டாடும்போதும், மற்றொரு கட்சி அதே தெய்வத்தைப் பழிப்பதைத் தன் வீரமாகக் காட்டிக்கொள்ளும்போதும், என்னுடைய வழிபாடு முன்பிருந்தபடியே இருக்கிறதா?

அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, எச்சமயத்தையும் சாராதவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் 1990களில் 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக உயர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கடவுளை மறுத்தவர்கள் அல்லர் என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அவர்கள் வீட்டில் தனியே பிரார்த்தித்தார்கள். ஆனால் கிறிஸ்தவம் என்றாலே ஒரு குறிப்பிட்ட கட்சியின் பக்கம் என்ற எண்ணம் நாட்டில் பரவியபோது, அந்தக் கட்சியை ஏற்காத மிதவாதிகளும் முற்போக்காளர்களும் தங்களுக்கு அந்தச் சமயப்பெயரே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். போலந்தில் கத்தோலிக்கத் திருச்சபை ஆளுங்கட்சியோடு நெருங்கி நின்ற ஆண்டுகளைப் பாருங்கள். அங்கே 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் தவறாமல் வழிபாட்டுக்குச் செல்வோர் 1992இல் 69 விழுக்காடு. 2021இல் 23 விழுக்காடு. இதற்குக் காரணம் அரசியல் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் 2020இல் கருக்கலைப்புத் தீர்ப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்த இளைஞர்கள் கட்சி அலுவலகங்களின் முன் மட்டும் நிற்கவில்லை, தேவாலயங்களின் முன்னும் நின்றார்கள் என்பதை மறக்க முடியவில்லை.

நம் நாட்டில் இப்படி யாரும் வெளியேறுவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமயம் குறிப்பிடாதவர்கள் 0.24 விழுக்காடு மட்டுமே. பியூ ஆய்வு மையம் 2019, 2020ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்திய ஆய்வில் 97 விழுக்காட்டினர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். பள்ளிச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் திருமணச் சட்டமும் சமயப்பெயரை நம் மேல் எழுதிவிட்ட பிறகு வெளியேறுவதற்கு வழி ஏது? அதனால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பலர் நிம்மதி கொள்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி இல்லை. ஆட்கள் வெளியேறாத இடத்தில் நம்பிக்கை உள்ளிருந்தபடியே வேறொன்றாக மாறுகிறது என்று நான் அஞ்சுகிறேன். கூட்டம் குறையாமல் பக்தி குறையக்கூடும். உங்கள் ஊர்களில் நீங்கள் கண்டதை எழுத வேண்டுகிறேன்.

பாம்பன் தெற்குவாடி எழுதியது:

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். கூட்டம் குறையாமல் பக்தி குறையும் என்றீர்கள். எங்கள் பக்கத்தில் ஆளும் குறைந்ததை நான் கண்டிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.

கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மறையுரையின் முடிவில், யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பது கேட்பவர்க்கெல்லாம் விளங்கும்படி அங்கிருந்த சாமியார் பேசினார். அவர் தம் மக்களின் நன்மையை எண்ணித்தான் பேசினார் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கோயிலில் மூன்று தலைமுறையாகப் பாடற்குழுவில் இருந்த குடும்பம் ஒன்று எதிர்க்கட்சியைச் சேர்ந்தது. அதன் பெரியவர் மறுவாரத்திலிருந்து பக்கத்துப் பங்குக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். மழைக்காலம் வந்ததும் அதையும் விட்டுவிட்டார். அவரிடம் நான் பேசியபோது சாமியாரின் அரசியலைப் பற்றி அவர் கோபப்படவேயில்லை. "அவரிடம் நான் இனி எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்வேன்?" என்று மட்டுமே கேட்டார். முழந்தாளிட்டு ஒருவர் தம் வாழ்க்கையைத் திறந்து வைக்கும் இடத்தில், எதிரே இருப்பவர் எந்தப் பக்கத்து ஆள் என்ற எண்ணம் நுழைந்த பிறகு அந்த அருட்சாதனத்துக்கு அங்கே இடமில்லாமல் போய்விடுகிறது. நம்மிடையே நடக்கும் பேச்சுகளில் வாக்குகள் மாறியதா என்றுதான் கணக்குப் பார்க்கிறோமே தவிர, இப்படி இழந்தவர்களை யாரும் எண்ணுவதில்லை.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையும் சொல்ல வேண்டும். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே நம் மீனவரும் யாத்திரிகரும் அங்கே போய்வரலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தீவை யார் கொடுத்தார்கள், யார் தடுக்கவில்லை என்ற வழக்கு ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. அது பேசப்பட வேண்டிய வழக்குத்தான். ஆயினும் அங்கே போகிறவர்கள் பிள்ளைவரம் கேட்டுப் போகிறார்கள், கடலில் காணாமற்போனவர்களுக்காக மெழுகுதிரி ஏற்றப் போகிறார்கள். 2024இல் மீனவர் சிறைப்பட்டதைக் கண்டித்து நம் படகுகள் போகவில்லை. அது எங்கள் மக்களே எடுத்த முடிவு, அதன் நியாயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவ்வாண்டு தொலைக்காட்சியில் அந்தோணியாரின் பெயர் சொல்லப்பட்ட போதெல்லாம் அது எல்லைத் தகராறு ஒன்றின் பெயராகவே ஒலித்தது. நேர்த்திக்கடன் வைத்திருந்த என் சித்தி, "அவரையும் அவங்க எடுத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார்கள்.

உச்சிப்புளி எழுதியது:

இருவர் எழுதியதிலும் உண்மை இருக்கிறது. முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. சமயத்துக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்பவர் சமயத்தை அறியாதவர் என்று எழுதியவர் காந்தியடிகள். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்ற வைத்தியநாத ஐயர் காங்கிரசுக் கட்சிக்காரர். அன்று அரசியலைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தால் கோயில் யாருடையதாக இருந்திருக்கும்? தேசியமும் தெய்வீகமும் தம் இரு கண்கள் என்று பசும்பொன் தேவர் சொன்னதை இம்மாவட்டத்தில் அறியாதவர் இல்லை; அவருடைய அரசியல் அவருடைய முருக பக்தியைக் குறைத்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

மேலும், பாம்பன் நண்பர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கைக் கடற்படையால் படகு பிடிபட்டால் முதலில் வந்து நிற்பவர்கள் பங்குத்தந்தையர்தாம். மாவட்ட ஆட்சியரைப் பார்ப்பதும் அமைச்சரைப் பார்ப்பதும் அவர்கள் செய்கிற வேலை. இம்மாவட்ட மக்களில் இஸ்லாமியர் 15 விழுக்காட்டுக்குச் சற்று மேல், கிறிஸ்தவர் 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அவர்களுக்கு ஜமாஅத்தும் பங்குப் பேரவையும் அரசியல் குரல் தரவில்லையென்றால் வேறு யார் தருவார்? சமயத்தை அரசியலிலிருந்து தள்ளி வைப்பது வலிமையுள்ளவர்களுக்கு மட்டுமே வசதியான அறிவுரையாக முடியும்.

சேதுக்கரை ஆசிரியர் எழுதியது:

உச்சிப்புளி நண்பரின் கேள்வி கனமானது. பொதுவாழ்வில் சமயம் பேசவே கூடாது என்பது என் நிலை இல்லை. பங்குத்தந்தை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவதைத் தடுப்பவன் நான் இல்லை. என் வருத்தமெல்லாம் கட்சியைப் பற்றியது. படகுக்காக நிற்கும் பங்குத்தந்தை, பிடிபட்டவர் எந்தக் கட்சிக்காரர் என்று கேட்பதில்லை. வாக்குக்காக நிற்கும்போது அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

வைத்தியநாத ஐயரின் செயல் யாரை நோக்கியது என்பதைப் பாருங்கள். அவர் தம் சாதியாரிடமும் தம்மோடு ஒரே சந்நிதியில் வணங்கியவர்களிடமும் கணக்குக் கேட்டார். அதற்காக அவர்களாலேயே விலக்கி வைக்கப்பட்டார். விவேகானந்தர் 1897 ஜனவரியில் பாம்பனில் வந்திறங்கி, இராமேசுவரம் கோயிலில் உண்மையான வழிபாடு எது என்பதைப் பற்றிப் பேசினார். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே சிவனை வழிபடுகிறான் என்று அவர் சொன்னது, அந்தக் கோயிலுக்குள் பக்தியோடு நின்றவர்களைப் பார்த்துச் சொன்னது. சமயம் இவ்வாறு தன்னுடையவர்களைச் சுடும்போது நம்பிக்கை தூய்மை பெறுகிறது. கட்சி கேட்பதோ தன்னுடையவர்களுக்கு ஆறுதல், எதிர்த்தரப்புக்குச் சூடு. அவ்வேலையைச் செய்யப் பழகிய சமயம் நம்மைத் திருத்தும் ஆற்றலை இழந்துவிடுகிறது.

கீழக்கரையார் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஊர் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். வள்ளல் சீதக்காதியும் கிழவன் சேதுபதியும் நெருங்கிய தோழர்கள் என்பது இக்கடற்கரையில் வழிவழியாகச் சொல்லப்படுவது. சேதுபதி மன்னர்கள் இராமநாதசுவாமி கோயிலுக்குக் கொடுத்தார்கள். ஏர்வாடி தர்காவுக்கும் கொடுத்தார்கள். ஆகையால் ஆட்சியும் சமயமும் இங்கே என்றும் கலந்தே இருந்தன என்று சிலர் வாதிடுவதுண்டு. மன்னருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரே தெருவில் உள்ள இரண்டு வீடுகளைத் தனித்தனியே பிரித்து எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. கட்சிக்கு அந்தத் தேவை இருக்கிறது என்பதே இந்த வாதத்துக்கு என் பதில்.

இப்போது எங்களுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். மார்க்க விளக்கங்களில் கருத்து வேறுபாடு எங்களிடம் எப்போதும் உண்டு. தர்கா கூடுமா, பிறையை எப்படிக் கணக்கிடுவது என்பன போன்றவற்றில் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் வாதிட்டுக்கொண்டே ஒரே ஸஃப்பில், அதாவது ஒரே வரிசையில், தோளோடு தோள் நின்று தொழுதார்கள். அமைப்புகள் பெருகி, ஒவ்வோர் அமைப்பும் ஒரு கட்சியாகவோ ஒரு கட்சிக்கு ஆதரவாகவோ ஆன பிறகு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறாய் என்ற கேள்வியே எந்தக் கூட்டணியில் இருக்கிறாய் என்ற கேள்வியாகிவிட்டது. ஓர் ஊரில் (எங்கள் ஊர் இல்லை) ஜமாஅத் முடிவுசெய்த வேட்பாளருக்கு எதிராக வேலை செய்த இளைஞர் ஒருவரின் நிக்காஹ்வுக்குப் பதிவேடு தருவதில் தாமதம் செய்தார்கள். பெரியவர்கள் தலையிட்டுக் காரியம் நடந்துவிட்டது. ஆனால் அந்தப் பையன் அதன் பிறகு பள்ளிக்கு வரும்போது எல்லாரையும் பார்த்தபடியே வருகிறான். தொழுகையில் ஸலாம் கொடுக்க வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்புகிறோம். அப்போது பக்கத்தில் யார் அமர்ந்திருக்கிறார் என்ற எண்ணம் வராமல் இருப்பதுதான் ஈமானின் ஒரு சுகம். அதை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

உச்சிப்புளி காக்காவுக்கு (அண்ணனுக்கு) ஒரு வார்த்தை. எங்களுக்கு அரசியல் குரல் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2019லும் 2024லும் இத்தொகுதியில் வென்றவர் முஸ்லிம் லீக் கட்சியைச் சேர்ந்தவர். அவருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களாக இருந்திருக்க முடியாது என்பதை நீங்கள் எழுதிய விழுக்காடே காட்டுகிறது. குரல் கூட்டணியாலும் உழைப்பாலும் கிடைக்கிறது. அதற்காகப் பள்ளிவாசலின் உரைமேடையான மிம்பரைக் கொடுக்க வேண்டியதில்லை.

தொண்டித் தோழர் எழுதியது:

நான் கடவுள் மறுப்பாளன். என்னை வரவேற்பீர்களா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

1967க்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்நாட்டை ஆண்டவை சுயமரியாதை இயக்கத்தின் வழிவந்த கட்சிகள். கடவுளை மறுத்த தலைவர்களின் படங்களைச் சட்டைப்பையில் வைத்திருந்தவர்கள்தாம் முளைப்பாரிக்கும் பூச்சொரிதலுக்கும் வரி கட்டினார்கள். மாநிலம் முழுவதும் கோயில்களில் கூட்டம் பெருகியதே தவிரக் குறையவில்லை. அப்படியானால் அரசியலால் நம்பிக்கை தேயும் என்ற உங்கள் அச்சத்துக்கு ஆதாரம் என்ன? அரை நூற்றாண்டுக் காலம் எதிர்த்துப் பார்த்தும் அது அசையவில்லையே.

தேவிபட்டினம் மாணவி எழுதியது:

தோழர் அவர்களுக்கு வணக்கம். எதிர்ப்பினால் நம்பிக்கை தேய்வதில்லை என்பது உங்கள் சான்றிலிருந்தே தெரிகிறது. துணைக்கு வந்த கட்சியால்தான் அது தேய்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொக்குவில் 1835இலேயே இதை எழுதினார். சமயம் ஓர் ஆட்சியோடு கைகோத்தால் சிலர்மீது அதன் வலிமை கூடும், எல்லார் மனத்தையும் ஆளும் வாய்ப்பு போய்விடும் என்பது அவருடைய கணிப்பு. ஐரோப்பாவின் நம்பிக்கையற்றவர்கள் கிறிஸ்தவர்களைத் தங்கள் அரசியல் எதிரிகளாகக் கண்டே தாக்கினார்கள், மாற்றுச் சமயத்தாராகக் கண்டு தாக்கவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார்.

ஆசிரியர் ஐயா சொன்ன அமெரிக்க ஆய்வுகளுக்கு அடுத்த கட்டமும் உண்டு. மிஷேல் மார்கோலிஸ் என்ற அரசியல் அறிவியலாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இளமையில் வழிபாட்டிலிருந்து விலகியிருப்பவர்கள் குடும்பமும் குழந்தையும் வந்த பிறகு திரும்பி வருவதும் வராமலிருப்பதும் அவர்கள் இடைக்காலத்தில் எந்தக் கட்சியை வரித்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது என்று காட்டினார். சமயம் கட்சியைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது என்றே நாம் எண்ணியிருந்தோம். கட்சியும் சமயத்தைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது.

எங்கள் கல்லூரி விடுதியில் நான் காண்பது இதற்கு நெருக்கமானது. என் தோழி ஒருத்தி சிறுவயது முதல் திருநீறு பூசிவந்தவள். இப்போது வகுப்புக்குப் போகும்முன் அழித்துவிடுகிறாள், அது ஒரு கட்சியின் அடையாளமாகப் படிக்கப்படும் என்று. இன்னொருத்தி முன்பு பூசாதவள். இப்போது பெரிதாகப் பூசிக்கொள்கிறாள், அப்படிப் படிக்கப்பட வேண்டும் என்று. இருவரும் எனக்கு நெருக்கமானவர்கள், இருவரும் நல்லவர்கள். ஆனால் கண்ணாடியின் முன் நிற்கும் அந்த நொடியில் இருவர் மனத்திலும் இருப்பவர்கள் வகுப்பில் உள்ள மற்றவர்கள்தாம். சிவபெருமான் இருவர் நினைவிலும் இல்லை. கணக்கெடுப்பில் ஒருத்தி பக்தி குறைந்தவளாகவும் ஒருத்தி பக்தி கூடியவளாகவும் பதிவாவார்கள். என் பார்வையில் இருவரும் ஒன்றையே இழந்திருக்கிறார்கள்.

அக்னிதீர்த்தம் எழுதியது:

இராமேசுவரத்தில் யாத்திரிகர்களுக்குச் சங்கல்பம் செய்துவைக்கும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் சேதுவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். இந்த விவாதத்துக்கு அதைவிட நெருக்கமான சான்று நம் கரையில் இல்லை.

சேது சமுத்திரத் திட்டம் 2005 ஜூலை 2ஆம் நாள் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டது. இராமர் கட்டிய சேது என்று நாம் நம்பும் மணல்திட்டுகளை வெட்டிக் கப்பல்வழி அமைக்கும் திட்டம் அது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986 முதலே இருக்கிறது. வெட்டியெடுக்கும் மண் எங்கே கொட்டப்படும், பவளப்பாறைக்கும் மீன்வளத்துக்கும் என்ன ஆகும் என்று மீனவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விகள் இரண்டு ஆண்டுகளுக்குள் எங்கோ கீழே போய்விட்டன. 2007 செப்டம்பரில் இராமர் இருந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்ற பொருள்பட ஒரு பிரமாணப் பத்திரம் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலாகிச் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி, இராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார் என்று கேட்டார். எதிர்த்தரப்பினர் அமெரிக்க விண்வெளி மையத்தின் படத்தைக் காட்டி, மனிதர் கட்டிய பாலம் என்பதற்கு அதுவே சான்று என்றார்கள். அந்தப் படத்திலிருந்து அப்படி எதையும் சொல்ல முடியாது என்று அந்த மையமே விளக்கியது.

இதில் சேதுவின் மீது நம்பிக்கை கொண்டவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்கிறேன். காசிக்குப் போகிறவர் இங்கே வந்து சேதுவின் மணலை எடுத்துச்சென்று திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வது நம் மரபு. அந்த மணலைக் கையில் வாங்கியவர் எவரும், இது எத்தனை ஆயிரம் ஆண்டு பழமையானது, இதன் அடியில் உள்ள கல் மிதக்குமா என்று என் தாத்தாவிடம் கேட்டதில்லை. 2007க்குப் பின் வருகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பக்தர்களே. அவர்களுக்கு இப்போது சான்று தேவைப்படுகிறது. ஏனென்றால் ஊரில் யாரோ ஒருவரோடு அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய பொருளாகத் தெய்வத்தை மாற்றிவிட்டால், வழக்கில் வென்றாலும் பக்தன் தோற்கிறான். அதன்பின் அவனுடைய வணக்கம் அடுத்த ஆய்வறிக்கை என்ன சொல்லும் என்பதை எதிர்பார்த்து நிற்கிறது.

இதைவிட எனக்கு அதிகமாக வலிப்பது ஒன்று உண்டு. எங்கள் கோயிலின் தலவரலாறு வெற்றியைக் கொண்டாடும் கதை அல்ல. இராவணனைக் கொன்ற இராமபிரான், எதிரியைக் கொன்றதால் தமக்கு வந்த பிரம்மகத்தி தோஷம் நீங்க வேண்டும் என்று இக்கரையில் இலிங்கம் அமைத்துச் சிவனை வணங்கினார் என்பதே அதன் மையம். நியாயமான போரில் வென்றவன்கூடக் கொன்றதற்காகத் தலைவணங்கி நிற்க வேண்டும் என்பதை இத்தனை தெளிவாகச் சொல்லும் தலம் வேறு எங்கே இருக்கிறது? அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, நனைந்த துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் நீராடுவதன் பொருளும் அதுவே. கட்சிகள் வந்து இந்தக் கதையில் பாலத்தையும் வில்லையும் மட்டும் எடுத்துக்கொண்டன. ஒரு கட்சி அவற்றைக் காட்டி முழங்கியது, மற்றொன்று அவற்றைக் காட்டிச் சிரித்தது. பிராயச்சித்தத்தைப் பற்றி இரண்டு தரப்பும் பேசவில்லை. அதை வைத்து வாக்குக் கேட்க முடியாது. இப்போது வரும் இளைஞர்களில் பலர் முழக்கமிட்டபடி வருகிறார்கள். எதற்காக இங்கே நீராடுகிறோம் என்று நான் சொல்லத் தொடங்கினால் வியப்போடு கேட்கிறார்கள். சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

பரமக்குடி வழக்கறிஞர் எழுதியது:

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3)ஆம் பிரிவின்படி சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு. 2017 ஜனவரி 2ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், வேட்பாளரின் சமயத்தோடு வாக்காளரின் சமயத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்றது. வழிபாட்டிடங்களை அரசியல் செயல்பாட்டுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1988 முதல் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் தேர்தலையும் பொது அமைதியையும் காக்கப் பிறந்தவை. அக்னிதீர்த்தம் ஐயா சொன்ன இழப்புக்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்க முடியாது.

உச்சிப்புளி எழுதியது:

அக்னிதீர்த்தம் எழுதியதை நிதானமாகப் படித்தேன். பிராயச்சித்தம் பற்றி அவர் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. ஆனால் ஓர் ஐயம் நிற்கிறது. ஓரியூரை எண்ணிப் பாருங்கள். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் கிறிஸ்தவ மறைபரப்பாளர் அருளானந்தர் அங்கே கொல்லப்பட்டார். அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் கிறிஸ்தவராகி, தம் மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண். அரசுரிமைப் பகையும் சமயமும் ஒன்றாகக் கலந்து நடந்த கொலை அது. அப்படிப்பட்ட அரசியலில் பிறந்த அந்தத் தலத்துக்கு இன்று சமய வேறுபாடில்லாமல் மக்கள் போகிறார்கள், செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசுகிறார்கள். அரசியல் கலந்ததால் நம்பிக்கை அழிந்துவிடும் என்றால் ஓரியூர் எப்படி நிலைத்தது?

பாம்பன் தெற்குவாடி எழுதியது:

அண்ணே, ஓரியூரில் நிலைத்தது யாருடைய பெயர் என்று பாருங்கள். ஆட்சியின் துணையோடு நின்றவர்களின் சமயம் அங்கே தலமாகவில்லை; ஆட்சியால் வெட்டுண்டவரின் நம்பிக்கையே தலமாயிற்று. தொண்டித் தோழர் சொன்ன சான்றும் இதையேதான் காட்டியது. எங்கள் சமயம் இக்கரையில் துன்பப்பட்ட காலத்தில் எங்கள் முன்னோரின் நம்பிக்கை உறுதியாக இருந்தது. செல்வாக்கு வந்த காலத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சேதுக்கரை ஆசிரியர் எழுதியது:

இதுவரை எழுதிய அனைவருக்கும் நன்றி. பேச்சோடு நிறுத்தாமல் நம் ஊர்களில் செய்யத்தக்க ஒன்றை முன்வைக்கிறேன். திருவிழா அழைப்பிதழிலும் வரவேற்புப் பதாகையிலும் எந்தக் கட்சியின் தலைவர் படமும் பொறுப்பாளர் பெயரும் இடம்பெறக் கூடாது என்று விழாக்குழு தீர்மானிக்க வேண்டும். கட்சிக்காரர் நன்கொடை தரலாம். ஊர்க்காரராகத் தரட்டும், இரசீதில் அவர் பெயரும் தெருவும் போதும். பரிவட்டமும் முதல் மரியாதையும் மரபுப்படி யாருக்கு உரியவையோ அவர்களோடு நிற்கட்டும். தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு மூன்று சமயத்தாரும் வருகிறார்கள். ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கும் அப்படியே. அங்கே வருகிறவரிடம் யாரும் எதையும் விசாரிப்பதில்லை என்பதால்தான் அந்த வழக்கம் நிற்கிறது.

உச்சிப்புளி எழுதியது:

தீர்மானம் போடுவது எளிது. சட்டமன்ற உறுப்பினர் ஆளுங்கட்சிக்காரராக இருந்து, குடமுழுக்குக்குச் சாலை போட்டுத் தந்து, வாசலில் வந்து நிற்கும்போது அந்தத் தீர்மானத்தை யார் படித்துக் காட்டுவார்? எதிர்க்கட்சிக்காரரை நிறுத்துவதற்கு மட்டும் பயன்படும் விதியாக அது முடிந்துவிடக் கூடாது. அதற்கு வழி சொன்னால் நான் உங்கள் பக்கம் வருகிறேன்.

கீழக்கரையார் எழுதியது:

அதற்கு எங்கள் பக்கத்து ஜமாஅத் ஒன்றில் கண்ட வழியைச் சொல்கிறேன். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது என்று அவர்கள் விதி செய்தார்கள். ஜமாஅத் தலைவராக இருந்தவரே ஆளுங்கட்சியின் பொறுப்பாளர். அந்த விதியின்கீழ் முதலில் விலகியவரும் அவர்தான். அவர் விலகிய பிறகு மற்றவர்களிடம் அதைச் சொல்வதற்கு யாருக்கும் தயக்கமிருக்கவில்லை. விதியை எழுதும் குழுவில் அன்று வென்றிருக்கும் கட்சியின் ஆட்கள் இருந்தால், அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். ஆசிரியர் ஐயா, உங்கள் ஊர் விழாக்குழுவில் அப்படி முதலில் எழுந்து நிற்கக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்; அடுத்த ஆடிக்கு முன்பு இராமநாதபுரத்தில் சந்தித்து, விதியின் வாசகத்தை வழக்கறிஞர் ஐயாவிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.